தேயிலைக்காரி ஊட்டிக்குப் போன கதை

செவ்வாய், குன்னூர்

கோவைக்குப் படிக்க வந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி, "ஊட்டி பாத்தாச்சா?" இல்லை என்றால் ஒரு பரிதாபப் பார்வை. நான் பிறந்து வளர்ந்தது இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயா பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கதவைத் திறந்தால் தேயிலை, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் தேயிலை, அம்மாவின் விரல் மடிப்புகளில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத தேயிலைக் கறை. குளிரையும் மூடுபனியையும் கொழுந்துச் செடியையும் பார்ப்பதற்கு நான் எதற்குக் காசைச் செலவழித்து மலையேற வேண்டும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன்.

செமஸ்டர் லீவு விட்டதும் விடுதி காலி. சேலம், தேனி, நாகர்கோவில் என்று எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போவதென்றால் திருச்சிக்குப் போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து மறுபடி மலையேற வேண்டும். அந்த டிக்கெட் காசில் இங்கே பல மாத மெஸ் பில் கட்டலாம். பொங்கல் கூட்டமும் ஓய்ந்துவிட்டது. சரி, அப்படி என்னதான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். "தனியாவா போற?" என்று அம்மா வாட்ஸ்ஆப்பில் பதறுகிறார். கடல் தாண்டித் தனியாக அனுப்பி வைத்த அதே அம்மாதான். 85 கிலோமீட்டர் மலைப் பாதைக்கு இப்போது பயம் வந்துவிட்டது.

மலை ரயில் காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படுகிறது. டிக்கெட்டை வெகு நாளைக்கு முன்பே போட்டுவைக்க வேண்டும். முன்பதிவில்லாத இடங்கள் கொஞ்சம்தான், அதற்கு இருட்டிலேயே வரிசை நிற்கிறது. ரயில் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் மலைக்கு அகலப் பாதை ரயிலே வருகிறது. நானுஓயா வரை 1885-லேயே போட்டுவிட்டார்கள். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். ஆகவே 'பொம்மை ரயில்' என்கிற நினைப்போடுதான் ஏறினேன்.

கல்லாறு தாண்டியதும் அந்த நினைப்பு போய்விட்டது. எங்கள் கோச்சி (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மலையைச் சுற்றிச் சுற்றி, வளைந்து நெளிந்து ஏறும். இங்கே அப்படி இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுகிறது. 12 அடி போனால் 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு எதிரே மறைப்பே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்காரர் நிற்கிறார், கையில் கொடி. விசில் சத்தம் கேட்டதும் ஒருவர் பின் ஒருவராகக் கொடி காட்டுகிறார்கள், பிரேக் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். நான் காட்டைப் பார்த்ததைவிட எனக்கு முன்னால் நின்றவரின் கையைத்தான் அதிகம் பார்த்தேன். சத்தத்தைக் கேட்டே எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்று அந்தக் கைக்குத் தெரிகிறது. 2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தது. சேர்த்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. எதிர் சீட்டில் திண்டுக்கல் குடும்பம் ஒன்று. அந்த அக்கா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே என் கையில் இரண்டு வைத்தார்.

"எந்த ஊரு கண்ணு?"

"இலங்கைங்க."

முகம் உடனே மாறிவிட்டது. "ஐயோ பாவம், முகாம்ல இருக்கியா?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணம், சண்டை, படகு, முகாம். இந்த வரிசையில் நாங்கள் வருவதில்லை. "இல்லக்கா, நாங்க மலையகம். உங்க திருச்சி, சேலம் பக்கத்துலேருந்து காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனவங்க பரம்பரை" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப நீ நம்ம ஊருப் புள்ளதான்" என்று இன்னொரு இட்லியை வைத்தார். வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாராலும் முடித்து வைக்க முடியாது.

ஆனால் குன்னூரில் இறங்கி லாட்ஜ் தேடியபோது நான் நம்ம ஊருப் பிள்ளை இல்லை. முதலில் போன இடத்தில் வரவேற்பு மேசைக்காரர் நன்றாகத்தான் பேசினார், வாடகையில் நூறு ரூபாய் குறைக்கவும் சம்மதித்தார். ஆதார் கேட்டார். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். "ஃபாரினருங்களா? தமிழ் பேசுறீங்களேன்னு நெனச்சேன். நாங்க ஃபாரினர் எடுக்கறதில்லம்மா." வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும், சி படிவம் என்று சொல்வார்கள். அதற்குப் பதிவு இல்லாத இடங்களில் இப்படித்தான் கைவிரித்துவிடுகிறார்கள். இன்னும் சில படிகள் ஏறி இறங்கிய பிறகு ஓர் அம்மா நடத்தும் இடத்தில் அறை கிடைத்தது. விசாப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக அவரே நிரப்பினார். 'எந்த மொழி பேசுவீர்கள்' என்று படிவத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

வெளிநாட்டு மாணவர்கள் மலைக்கு வந்தால், அறை பதிவு செய்வதற்கு முன் போன் போட்டு சி படிவம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஆப்பில் கட்டிய காசு திரும்பி வருவதற்குள் லீவு முடிந்துவிடும்.

புதன், குன்னூர்

சிம்ஸ் பூங்காவை முதலில் முடித்துக்கொண்டேன். 1874-ல் தொடங்கியது, மே மாதம் பழக் கண்காட்சி நடக்குமாம். இது ஜனவரி. புல்வெளி, பழைய மரங்கள், செல்ஃபி. அவ்வளவுதான்.

அப்புறம் லாம்ஸ் ராக் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் தேயிலை. இங்கேதான் என்னால் சுற்றுலாப் பயணியாக இருக்க முடியவில்லை. மற்றவர்கள் பச்சைக் கம்பளம் என்று போட்டோ எடுக்கிற இடத்தில் எனக்குக் கொழுந்து எடுக்கும் மட்டம் தெரிகிறது. இந்த மலை கவ்வாத்து வெட்டி இரண்டு வருஷம் இருக்கும், அந்த மூலையில் வளர்ச்சி நின்ற வங்கி இலை அதிகம், இங்கே கொழுந்து எடுக்கும் ரவுண்டு தள்ளிப்போய்விட்டது என்று கண் தானாகக் கணக்குப் போடுகிறது. வரிசைகளுக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிற்கின்றன, அதில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள்.

ஒரு வளைவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையால் அல்ல, கத்தரியால். பெரிய கத்தரிக்கோலின் ஒரு அலகில் தட்டு மாதிரி ஒரு தகரப் பெட்டி பொருத்தியிருக்கிறது. வெட்டுகிற இலை அதிலேயே விழும். நிறைந்ததும் கையை ஒரு சுழற்றுச் சுழற்றினால் முதுகுச் சாக்குக்குள் போய்விடும். எங்கள் பக்கம் இன்னும் பெரும்பாலும் விரல்தான். நான் ஓரத்தில் நின்று, "அக்கா, வணக்கம்" என்றேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். ஒரு பெண் நிமிர்ந்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது.

மேஸ்திரி ஒருவர் வந்து விளக்கினார். ஜார்க்கண்ட் ஆட்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள், தோட்டத்துக்கு ஆள் இல்லை, அதனால் குடும்பம் குடும்பமாக அங்கிருந்து வருகிறார்கள். 200 வருஷத்துக்கு முன்னால் இதே தமிழ்நாட்டிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் ஆள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"நீங்க எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "தோட்டத்துப் புள்ளயா? எங்க, எடு பாப்போம்" என்று சவால் விட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். இது நீச்சல் மாதிரி, ஒருமுறை வந்தால் விட்டுப் போகாது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தண்டில் வைத்து, நகம் படாமல் சற்று வளைத்தால் கொழுந்து தானாக ஒடிந்து வரும். அந்தச் சின்ன முறிவுச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது முற்றல், ஃபேக்டரியில் திட்டு வாங்கித் தரும். இரண்டு கையும் மாறி மாறி ஓடி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசுவது. வீச எனக்குச் சாக்கு இல்லை, அதனால் ஜார்க்கண்ட் பெண்ணின் சாக்கில் போட்டேன். அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மேஸ்திரி, "நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார். எம்.எஸ்சி. முடித்து வேலை கிடைக்காவிட்டால் பார்க்கலாம்.

மத்தியானம் பயணிகளை உள்ளே விடும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனேன். டிக்கெட் வாங்கி ஃபேக்டரிக்குள் போனதை அப்பாவிடம் சொன்னால் நாள் முழுக்கச் சிரிப்பார். அவர் எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில்தான் வேலை செய்கிறார். வாசலிலேயே இலையை வாடப்போடும் வாட்டுத் தொட்டி வாசனை வந்து மோதியது. பச்சையும் இல்லாமல் பழுத்ததும் இல்லாமல் ஒரு இனிப்பு வாசனை, அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். மற்றபடி உள்ளே வேறு உலகம். எங்கள் ஃபேக்டரியில் ரோலர் இலையை மெதுவாக உருட்டி முறுக்கும், நீள நீளமாக வரும். இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி அந்த ஆர்த்தடாக்ஸ் வகைதான். இங்கே சி.டி.சி. எதிரெதிராகச் சுற்றும் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலை போகிறது. வெட்டி, கிழித்து, சுருட்டி, மறுபக்கம் பச்சைப் பொடியாக விழுகிறது. அது பெல்ட்டில் நகர்ந்துகொண்டே கண் முன்னால் செம்பு நிறமாகிறது. அப்புறம் டிரையர். பால் ஊற்றினாலும் நிறம் தோற்காத, கடைக்காரருக்குக் கட்டுபடியாகிற டீ இதில்தான் கிடைக்கும். நேர்த்தி என்று கேட்டால் என் ஓட்டு அப்பாவின் ரோலருக்குத்தான்.

இங்கே இன்னொரு விஷயம் புதிது. எங்கள் தோட்டங்களில் செடி, ஃபேக்டரி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் எல்லாம் கம்பெனி கையில். நீலகிரியில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், படுகர் ஊர்களில் வீட்டுக்கு வீடு தேயிலை. அவர்கள் பச்சை இலையை ஃபேக்டரிகளுக்கு விற்கிறார்கள். இன்ட்கோசர்வ் என்று கூட்டுறவு ஃபேக்டரிகளும் உண்டு. டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் கிலோவுக்கு என்ன விலை வந்தது என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். செடி சொந்தமாக இருந்தால் கவலை போய்விடும் என்று எங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். இல்லை போலிருக்கிறது, வேறு கவலை வருகிறது.

அந்தக் கடையில் பால் இல்லாமல் ஒரு டீ கேட்டேன். மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு என்னம்மா, வயித்தால போகுதா?" என்றார். இல்லை, எங்கள் ஊரில் இப்படித்தான் குடிப்போம், கூடவே ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள்வோம் என்று சொன்னதும் நாட்டுச்சர்க்கரையைத் தட்டில் வைத்து ஒரு வர்க்கியையும் வைத்தார். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அடுக்கடுக்காக உதிரும், கையில் பிடித்தால் மடியெல்லாம் தூள். டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார்கள். வேண்டாம், நனைக்காமலே சாப்பிடுங்கள்.

வியாழன், ஊட்டி

குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு வழியாக. காலையில் ஊட்டிப் பள்ளங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. நுவரெலியாவிலும் சில ஜனவரிகளில் இப்படி விழும், அன்றைக்குப் பேப்பரில் படம் வரும். ஊட்டி 2,240 மீட்டர், நுவரெலியா 1,868. அதனால் குளிரில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு, கேரட், லீக்ஸ் தோட்டங்கள், குதிரைப் பந்தயத்துக்கென்று போட்ட திடல், வெட்டி உண்டாக்கிய ஏரி, தூண் வைத்த வெள்ளைக்காரன் பங்களாக்கள். இரண்டு ஊரையும் ஒரே வீட்டு ஏக்கத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கியது 1822-ல். அதை வைத்து 2022-ல் உதகைக்கு 200-ஆம் ஆண்டு கொண்டாடினார்கள். அடுத்த வருஷம், 2023-ல், எங்கள் ஆட்கள் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் என்று நடைபயணம் போனோம். ஒரு வருஷம்தான் வித்தியாசம். அந்தக் கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.

தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1848-ல் மக்ஐவர் என்பவர் அமைத்தது. மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத்தை இந்த மலைகளில் வளர்த்தவரும் அவர்தான். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல பூங்கா தொடங்கியதும் 1861-ல் சின்கோனாவுக்காகவே. பள்ளிக்கூடத்தில் ஹக்கலவுக்குச் சுற்றுலா போகாத வருஷமே கிடையாது, ஆனால் இந்தத் தொடர்பை யாரும் சொன்னதில்லை. இங்கே 2 கோடி ஆண்டு பழைய கல்மரம் ஒன்றைக் கம்பி போட்டு வைத்திருக்கிறார்கள். மரத்தின் ரேகை அப்படியே கல்லில் தெரிகிறது. அதன் முன்னால் நின்று ஒரு புது மாப்பிள்ளை மனைவியிடம், "பெட்ரிஃபைடு" என்பதைக் கால் மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் கல்மரத்தைவிடக் கல்லாக நின்றாள்.

தொட்டபெட்டாவுக்கு ஆட்டோ பேசினேன். 2,637 மீட்டர். எங்கள் நாட்டின் உச்சியான பீதுருதாலகாலை 2,524 மீட்டர்தான், உச்சியில் ராணுவக் காவல் வேறு. ஆகவே என் வாழ்க்கையில் நான் நின்ற மிக உயரமான இடம் இதுதான். தெரிந்தது என்னவோ மேகம் மட்டும். சூடான மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது.

தனியாகச் சுற்றுவதில் உள்ள உண்மையான சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பயம் அல்ல, சாப்பாடு. ஹோட்டலில் தனியாகப் போய் உட்கார்ந்தால், "எத்தனை பேரு? ஒருத்தரா? அந்த ஓரமா உக்காருங்க" என்று கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பூங்காவிலும் ஏரியிலும் "தனியாவா வந்தீங்க?" என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். ஆண் ஒருவர் தனியாகச் சுற்றினால் இதைக் கேட்பார்களா என்று தெரியவில்லை. மற்றபடி பஸ்களில் ஒரு தொந்தரவும் இல்லை. வெளி மாவட்டத்துக் கார், வேன் எல்லாவற்றுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

வெள்ளி, கோத்தகிரி

இந்த ஊருக்கு வர ஒரு காரணம் உண்டு, முதல் நாளே எழுதியிருக்கலாம். எங்கள் அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவுடைய, மூத்த அண்ணன், எனக்குப் பெரிய தாத்தா முறை, குடும்பத்தோடு எழுபதுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் எழுதிக் கொடுத்தது இப்படித்தான். வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசு தேயிலை பயிரிட்டது. 1968-ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் 1976-ல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பெரிய தாத்தா கோத்தகிரிப் பக்கம் போனதாக மட்டும் வீட்டில் சொல்வார்கள். எந்த டிவிஷன், எந்த லயம், ஒன்றும் தெரியாது. கடிதம் நின்றுபோய்ப் பல காலம்.

ஊட்டியிலிருந்து கட்டபெட்டு வழியாக பஸ். கோத்தகிரியில் கூட்டம் இல்லை, விளம்பரப் பலகை குறைவு, வெயில் இதமாக விழுகிறது. சல்லிவன் 1819-லேயே இங்கே கண்ணேரிமுக்கில் தங்கியிருக்கிறார், அந்த வீடு இப்போது நினைவகம். ஊட்டியைக் கண்டுபிடிப்பதற்கு முன் கோத்தகிரியில் இருந்துவிட்டு அப்புறம் அங்கே போனது ஏன் என்று புரியவில்லை. நான் இங்கேயே இருந்திருப்பேன்.

பஸ் ஸ்டாண்டு மளிகைக் கடையில், "அண்ணே, சிலோன்காரங்க லயம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் கை காட்டினார். "இந்தா, பாட்டியே அங்கதான் போகுது. கூடப் போயிரு."

வெள்ளை ஸ்வெட்டர், புடவைக்கு மேல் ஒரு துண்டு, கையில் ஆஸ்பத்திரி மாத்திரைப் பை. நான் டிக்கோயா என்றதும் அவர் என் பேரைக் கேட்கவில்லை, அப்பா பேரைக் கேட்கவில்லை. "எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். "மேற்கணக்கா, கீழ்க்கணக்கா?" கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேற்கணக்கு. "எத்தனாம் நம்பர் லயம்? கோயிலுக்கு மேல இருக்கே அதுவா, ஆத்தோரமா?" கோயிலுக்கு மேலே. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் விட்டு வந்த இடத்தை அவர் மனசுக்குள் ஏறி இறங்கி வருவது முகத்திலேயே தெரிந்தது. அவர் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு நடந்தே வருவாராம். "பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துல ஒரு பலா மரம் இருக்குமே?" பெரட்டுக் களம் என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அந்த மரம் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காற்றில் விழுந்துவிட்டது. சொன்னதும் பாட்டிக்கு நிஜமாகவே வருத்தம்.

பஸ்ஸில் என் டிக்கெட்டையும் அவரே எடுக்கப் பார்த்தார். மகளிருக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் என்பதால் கண்டக்டர் சிரித்துக்கொண்டே பேப்பர் டிக்கெட் இரண்டு கிழித்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு எது எங்கே இருக்கும் என்று தெரிந்துவிட்டது. முன்னால் சின்னத் திண்ணை, ஒரு அறை, பின்னால் புகை படிந்த அடுப்படி, அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரண். நானே போய் மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாட்டி தேங்காயும் பச்சை மிளகாயும் போட்டு மாவு பிசைந்து ரொட்டி தட்டினார், தடியாக, தோட்டத்து ரொட்டி. கூடவே அம்மியில் அரைத்த சம்பல். மாசிக் கருவாடு இல்லாத குறையைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. மாசி இங்கே எங்கே கிடைக்கும் என்று அவரும் குறைப்பட்டுக்கொண்டார்.

ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது ஏறினவர்களும் அழுகை, நின்றவர்களும் அழுகை, சாவு வீடுதான். தலைமன்னாரில் கப்பல், இறங்கினால் ராமேசுவரம், அப்புறம் மண்டபம் முகாம். அங்கே கொடுத்த அட்டையில் நீலகிரி என்று எழுதியிருந்தது. மலைதானே, நமக்குப் பழகினதுதானே என்று நினைத்தாராம். வந்து பார்த்தால் தேயிலையே இல்லை, காடு. குழி வெட்டி, கூடைக் கன்று சுமந்து, நட்டு, அது கொழுந்து எடுக்கிற பதத்துக்கு வரும்வரை காத்திருந்தார்கள். "அங்க எங்க பாட்டன் நட்டதை நாங்க எடுத்தோம். இங்க நாங்க நட்டதை நாங்களே எடுத்தோம்" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது. இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். மகன் திருப்பூரில். இந்த வீடு யாருக்கு என்கிற பேச்சு இங்கேயும் ஓடுகிறது, எங்கள் பக்கமும் ஓடுகிறது. அதைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம், இரண்டு பக்கத்து நியாயமும் ஒன்றாகவே இருந்தது.

பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்திய தாள்களை எடுத்துக் காட்டினார். பழைய குடும்ப அட்டை, அதில் மூலை மடங்கிய குடும்பப் படம், அதற்கு மேல் பளபளப்பாக ஆதார். பிறந்தது டிக்கோயாவில், இன்று இந்தியர். நானும் பிறந்தது டிக்கோயாவில், குன்னூர் லாட்ஜில் ஃபாரினர். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இருந்தா ஊருக்குப் போய்ட்டு வரலாமா?" என்றார். அவர் போவதானால் விசா எடுக்க வேண்டும். சொன்னேன். "பொறந்த ஊருக்கா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

பெரிய தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். பேர் சொன்னேன், பட்டப்பேரும் சொன்னேன். பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு திசை சொன்னார்கள். டிக்கோயாக்காரர்கள் நிறையப் பேர் கூடலூர், சேரம்பாடிப் பக்கம் போனார்கள், அங்கே விசாரி என்றார் ஒருவர். ஆள் கிடைக்கவில்லை. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. பூர்வீகம் எது என்று கேட்டார்கள், துறையூர்ப் பக்கம் என்றேன். பாட்டியின் அண்ணிக்கும் துறையூர். அந்த அண்ணியின் சித்தப்பா எங்கள் மேற்கணக்கில் கங்காணி. விரல் விட்டுக் கூட்டிக் கழித்து, கடைசியில் நான் பாட்டிக்குப் பேத்தி முறை ஆகிறேன் என்று சபை தீர்ப்புச் சொன்னது. கணக்கு சரியா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் ஆராயாத, அம்மாயின்னு கூப்பிடு" என்றார். வீடியோ காலில் இரண்டு பேரும் பேசிக்கொண்ட நேரத்தில் என் போன் சார்ஜ் இறங்கிவிட்டது.

மேட்டுப்பாளையத்துக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்தினதைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தேன். கிளம்பும்போது அம்மாயி என்னிடம் ஒன்று கேட்டார். சுற்றிலும் அவர் நட்ட தேயிலை. கூப்பிடு தூரத்தில் ஃபேக்டரி. அவர் கேட்டது, "அடுத்த தடவை வாறப்ப அங்கத்துத் தூள் ஒரு பாக்கெட் கொண்டாறியா? இந்தத் தூள் தேத்தண்ணியா இது, சாயத் தண்ணி." சி.டி.சி.யைப் பற்றி நான் புதன்கிழமை எழுதியதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

அம்மா கொடுத்துவிட்ட ஒரு பாக்கெட் விடுதி அலமாரியில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அடுத்த லீவு வரை காத்திருக்க மனமில்லை. மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் பார்சல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டு மளிகைக் கடையில் சேர்த்துவிடுவார்களா, இல்லை கூரியரில்தான் போட வேண்டுமா? அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்.